மாலை நேரப் படிப்பு மையத்துக்கு அரசு நிதி கேட்பது எப்படி?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். எங்கள் ஊர் மையம் இப்போது திட்டத்தில் இல்லை. ஆனால் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகத்தின் முன்கூடத்தில் நானும் இன்னொரு பெண்ணும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை 30 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பெற்றோரில் பலர் கரும்பு வெட்டுக்கும் பெங்களூரில் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். விளக்கு, சுண்ணக்கட்டி, பிஸ்கட் எல்லாம் எங்கள் கைக்காசு. ஆட்சியரிடம் இருமுறை மனு கொடுத்தேன். “நிதி ஒதுக்கீடு இல்லை” என்று பதில் வந்தது. “இது டியூஷன், இதற்கெல்லாம் அரசு பணம் தராது” என்கிறார் பள்ளி ஆசிரியர் ஒருவர். அரசிடம் கேட்பது முறையா? யாரிடம், எப்படிக் கேட்பது? அதுவரை மையத்தை நடத்துவதா, மூடிவிட்டுக் கேட்பதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கேட்பது முறைதான். தயக்கமே வேண்டாம். பள்ளி மணி அடித்த பிறகு தாயும் தகப்பனும் வேலையிலிருந்து திரும்பும் வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சியாகவும் பாட்டு வகுப்பாகவும் கழிகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெருவிலோ, தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருப்பதிலோ கழிகிறது. ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கேட்ட இரண்டு பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். காலை உணவையும் மதிய உணவையும் பொதுச் செலவாக ஏற்றுக்கொண்ட ஒரு மாநிலத்தில், மாலை நேரத்தையும் பொதுச் செலவாக ஏற்கச் சொல்வது அளவு மீறிய கோரிக்கை ஆகாது.

மேலும், நீங்கள் கேட்பது புதிய ஒன்றுமல்ல. கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியை அரசே தொடங்கியது. தொடக்கத்தில் 200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்ற கணக்கு ஆகியவற்றை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. மனுவில் நீங்கள் எழுத வேண்டியது அதன் விளைவைப் பற்றி. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழகக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையைத் தொடர்ந்து அளந்தார்கள். பள்ளி மூடலால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் ஈடுகட்டப்பட்டது என்பதும், அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்குக்கு இந்த மாலை மையங்களே காரணம் என்பதும் அவர்களுடைய முடிவு. அரசுப் பணத்தில் நடந்த ஒரு மாலை நேரத் திட்டத்துக்கு இத்தனை உறுதியான சான்று கிடைப்பது அரிது. அது உங்களைப் போன்றவர்களின் உழைப்பால் கிடைத்த சான்று. அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்படியானால் ஏன் “நிதி ஒதுக்கீடு இல்லை” என்று பதில் வருகிறது? பள்ளிக் கல்வித் திட்டங்களுக்கு நிதி மதிப்பீடு தயாரிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், உங்கள் மனு கடந்த வழியை என்னால் ஊகிக்க முடிகிறது. மக்கள் குறைதீர் நாளில் கொடுத்த மனு ஆட்சியர் அலுவலகத்தில் எண்ணிடப்பட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போயிருக்கும். அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அவரிடமிருந்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு என்று இறங்கியிருக்கும். அந்த வரிசையில் யாரிடமும் உங்களுக்குக் கொடுக்கத்தக்க ஒரு ரூபாய்கூட இல்லை. அரசில் எந்தச் செலவுக்கும் கணக்குத் தலைப்பு ஒன்று, அதாவது வரவுசெலவுத் திட்டத்தில் அந்தச் செலவுக்கென்றே ஓர் இனம், இருக்க வேண்டும். தலைப்பு இல்லாத இடத்தில், மனம் இருக்கும் அலுவலர்கூடக் கையெழுத்திட முடியாது. ஆகவே அந்தப் பதில் உங்கள் கோரிக்கையை மறுத்த பதில் என்று நான் கருதவில்லை. தவறான படியில் கேட்கப்பட்டதால் வந்த பதில் அது. பிரிவு எழுத்தர் கோப்பில் குறிப்பு எழுதும்போது “விதிகளில் இடம் உள்ளது, இன்ன அமைப்பு தீர்மானம் நிறைவேற்றியுள்ளது, ஆண்டுச் செலவு இவ்வளவு” என்று எழுதுவதற்கான சரக்கு உங்கள் மனுவிலேயே இருக்க வேண்டும். தனி ஒருவரின் வேண்டுகோளாக வரும் தாளில் அவர் எழுதக் கூடியது “உரிய நடவடிக்கைக்கு அனுப்பலாம்” என்ற ஒரு வரி மட்டுமே.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். அரசில் கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் பணம் கிடைப்பது எளிது. மாதந்தோறும் தொடரும் செலவுக்குக் கிடைப்பது கடினம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் தொகுதி மேம்பாட்டு நிதியாக உண்டு. ஆனால் அவை நிலைத்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவதற்கானவை. உங்கள் ஊக்கத்தொகைக்கோ பிள்ளைகளின் சிற்றுண்டிக்கோ அவற்றிலிருந்து எடுக்க வழியில்லை. நன்கொடையாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு கூடம் கட்டிப் பெயர்ப்பலகை வைக்க முன்வருவார்கள். அதில் விளக்கேற்றி உட்காருகிறவருக்கு மாதச் சம்பளம் தர முன்வருவது குறைவு. ஊர் ஊராகக் கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதற்கு இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்டதாக இருக்கக்கூடும். அத்திட்டம் ஊராட்சிதோறும் நூலகம் ஒன்றைக் கொண்டுவந்தது. சுவர் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, உள்ளே ஆளை உட்காரவைக்கும் தொடர் செலவு மட்டும் நின்றுபோயிற்று. எனவே கட்டடம் கேட்காதீர்கள். திறவுகோலையும் மாதச் செலவையும் கேளுங்கள். மனுவில் பத்துக் கோரிக்கை இருந்தால், அவற்றில் மிக எளிதானதை, ஒரு கரும்பலகையை, கொடுத்துவிட்டுக் கோப்பை முடித்துவிடுவார்கள்.

மாதச் செலவு எவ்வளவு என்று எண்ணில் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு தருகிறேன். இரண்டு பொறுப்பாளர்களுக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் வீதம் 6,000. முப்பது பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் வீதம் 22 நாள்களுக்குச் சுண்டலோ வேர்க்கடலையோ 3,300. மின்சாரம், தாள், சுண்ணக்கட்டிக்கு 700. ஆக மாதம் 10,000. பத்து மாதங்களுக்கு 1 லட்சம் ரூபாய், அதாவது ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,333 ரூபாய். உங்கள் ஊர் விலைவாசிக்கேற்ப இதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஊக்கத்தொகையை மட்டும் கூச்சப்பட்டுக் குறைக்காதீர்கள். மாதம் 1,000 ரூபாய் என்பது நெருக்கடிக் காலத்தில் ஊருக்காக உழைக்க வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தொகை. ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய பணிக்கு அது போதாது. பெண்களின் உழைப்பு சேவை என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் என்ற நினைப்பிலேயே இத்தகைய திட்டங்கள் வரையப்படுகின்றன. பொறுப்பாளருக்குத் திருமணமோ வேறு வேலையோ வந்தவுடன் மையம் நின்றுவிடுகிறது. இதை மனுவிலேயே பணிவாக, ஆனால் தெளிவாக எழுதலாம்.

இனி யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். முதல் படி ஆட்சியர் அல்லர். உங்கள் ஊர்ப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இக்குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அடுத்த 22-ஆம் பிரிவை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பாருங்கள். இக்குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்றும், அரசும் உள்ளாட்சியும் வகுக்கும் திட்டங்களுக்கும் வழங்கும் மானியங்களுக்கும் அத்திட்டமே அடிப்படையாக இருக்கும் என்றும் அது சொல்கிறது. பல ஊர்களில் இந்த மேம்பாட்டுத் திட்டம் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த்தொட்டி என்று மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. அதில் நான்காவது வரியாக உங்கள் மாலை மையம் ஏற வேண்டும். உங்களிடம் வரும் பிள்ளைகளின் தாய்மார்களில் சிலராவது அக்குழுவில் இருப்பார்கள். அவர்களே கூட்டத்தில் எழுந்து பேசட்டும். “மாலை 5 மணி முதல் 7 மணி வரை நம் பள்ளி மாணவர்கள் 30 பேருக்கு நடைபெறும் கற்றல் மையத்தைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கவும், அதன் ஆண்டுத் தொடர் செலவான 1 லட்சம் ரூபாயை வழங்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்ளவும் இக்குழு தீர்மானிக்கிறது” என்ற அளவில் வாசகம் இருந்தால் போதும். கூட்டத் தீர்மானங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் ‘பெற்றோர்’ என்ற கைபேசிச் செயலியில் பதிவேற்றும் வழக்கம் இப்போது இருப்பதால், அன்றே பதிவேற்றச் சொல்லுங்கள். பதிவேட்டுப் பக்கத்தின் படியையும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வாசகத்தைக் கிராம சபைக்கும் கொண்டுபோங்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்ற நான்கோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. தலைவரிடமோ, தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சியாக இருந்தால் அவரிடமோ, ஒரு வாரம் முன்னதாகவே எழுத்தில் கொடுத்துப் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நூலகக் கட்டடத்தைத் திறந்துவிடுவது, மின் கட்டணத்தை ஏற்பது ஆகிய இரண்டும் ஊராட்சியே செய்யத்தக்கவை என்பதால், அவற்றை இங்கே முடித்துவிட்டால் மேலே கேட்க வேண்டிய தொகை குறையும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டும் ஊர் மக்கள், நூலகக் கதவைத் திறக்கச் சொல்வதில் யாரும் குறை காண முடியாது.

ஆசிரியர் சொன்னதைப் பற்றி. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. நீங்கள் ஆசிரியர் அல்லர், கட்டணமும் வாங்குவதில்லை. ஆகவே அப்பிரிவு உங்களைத் தொடாது. ஆயினும் அவர் பேச்சில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பள்ளிப் பாடத்தையே மாலையிலும் ஒப்பிக்க வைத்து, வீட்டுப் பாடத்தை எழுதி முடித்து அனுப்பும் இடமாக மையம் இருந்தால், அதற்குத் தனியாக நிதி எதற்கு என்று துறை கேட்பது நியாயமாகிவிடும். வகுப்பில் பின்தங்கியவர் எழுத்துக் கூட்டிப் படிப்பது, கதை வாசிப்பது, கணக்கை விளையாட்டாகச் செய்வது, ஓடியாடுவது ஆகியவற்றுக்கு மாலையில் இடம் கொடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த ஆசிரியரிடமே கேளுங்கள். தன் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு மாலையில் ஒருவர் துணை இருக்கிறார் என்று தெரிந்தால், நாளை குழுக் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசும் முதல் ஆள் அவராகவே இருக்கலாம்.

நிதி கேட்பவரிடம் பதிவேடு இருக்க வேண்டும். ஒரு நீண்ட நோட்டில் பெயர், வகுப்பு, பெற்றோர் தொழில், வந்த நாள், வீட்டுக்குத் திரும்பிய நேரம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒருமுறை, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நான்கைந்து வரி கொண்ட ஒரு பத்தியை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் தெரிகிறதா, சொல்லாகச் சேர்க்கிறதா, வரியாகப் படிக்கிறதா, பத்தி முழுவதையும் தடையின்றிப் படிக்கிறதா என்று நான்கு நிலைகளில் ஒன்றைப் பெயருக்கு எதிரே குறியுங்கள். தடுமாறும்போது சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், அன்று அளப்பது மட்டுமே வேலை. ஐந்து மாதம் கழித்து “ஜூனில் சொல்லோடு நின்றவர்களில் இத்தனை பேர் நவம்பரில் பத்தி படிக்கிறார்கள்” என்று ஒரே வரியில் எழுத முடிந்தால், அது உருக்கமான இரண்டு பக்கத்தைவிட வலுவானது. முன்னேறாத பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மறைக்காமல் எழுதுங்கள். நம்பகத்தன்மை அதில்தான் வரும்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்கும் முன்பே நீங்கள் எழுதிவிட வேண்டும். இருட்டிய பிறகு ஊர் ஓரத்தில் சிறுமிகள் கூடும் இடம் அது. எப்போதும் இரு பெரியவர்கள் இருப்பது, பிள்ளைகளைத் தெருவாரியாகச் சேர்த்து அனுப்புவது, வெளியாள் யாரும் தனியே பிள்ளையோடு இராதபடி பார்ப்பது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது, பொறுப்பாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று பெறுவது ஆகியவற்றை விதியாகவே எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதில் சிறு தவறு நேர்ந்தாலும் உங்கள் மையத்தோடு நிற்காமல், மாவட்டத்தின் எல்லா மையங்களுக்கும் கதவு அடைபடும்.

இத்தனையும் ஓர் ஊரின் வேலை. ஆனால் கணக்குத் தலைப்பு ஓர் ஊருக்காகத் திறக்கப்படுவதில்லை. உங்கள் வட்டாரத்தில் உங்களைப் போலவே மையத்தை விடாமல் நடத்துகிற பழைய தன்னார்வலர்கள் நிச்சயம் இருப்பார்கள். உங்கள் பழைய வாட்ஸ்அப் குழு இன்னும் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். இருபது ஊர்களிலிருந்து ஒரே வாசகத்தில் தீர்மானங்கள் சேர்ந்தால், அவற்றின் தொகுப்போடு சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கலாம். துறைதோறும் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்பதை மானியக் கோரிக்கை என்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் செலவு மானியக் கோரிக்கை எண் 43-இல் வருகிறது. அதன்மீது விவாதம் நடக்கும்போது பேசுவதற்கு அவருக்கு ஊர்ப்பெயரும் எண்ணும் உள்ள ஒரு பக்கக் குறிப்பு தேவை. நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆனால் விவாதம் வரும்போதுதான் போய் நின்றால் காலம் கடந்திருக்கும். துறைகள் தங்கள் மதிப்பீடுகளை நிதித் துறைக்கு அனுப்புவதும், புதிய திட்டங்களைப் பகுதி-2 என்ற பட்டியலில் முன்மொழிவதும் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பல மாதங்கள் முன்பே நடந்துவிடும். தீபாவளிக்குள் உங்கள் தொகுப்பு முதன்மைக் கல்வி அலுவலர் கையிலும் சென்னையில் துறைச் செயலர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அதோடு, உங்கள் வட்டாரத்தில் எத்தனை மையங்கள் இருந்தன, எத்தனை தொடர்கின்றன, நிறுத்தியதற்கான ஆணை எது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கைக்கு வந்தபின் எழுதப்படும் மனுவே வேறு.

மைய அரசின் பங்கை இப்போது எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் அறிவுரை. பள்ளிக் கல்விக்கான மைய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் மையமும் மாநிலமும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. பி.எம். ஸ்ரீ என்ற மைய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தை ஒட்டிய பிணக்கால் 2024-25-இல் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று மாநில அரசு முறையிட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையின் நடுவில் உங்கள் கோப்பு சிக்கக் கூடாது. மாநிலத்தின் சொந்த நிதியிலிருந்து என்றே கேளுங்கள்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் பள்ளி நேரத்துக்குப் பிந்திய மையங்களுக்கென்றே உள்ள கூட்டாட்சி நிதி, 1998-இல் 4 கோடி டாலரில் தொடங்கி, 2002-இல் 100 கோடி டாலரை எட்டியது. 2017-இல் அதை அடியோடு நீக்க அதிபரின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தபோது, நாடாளுமன்றம் அதை ஏற்காமல் நிதியைத் தொடர்ந்தது. இதற்கு ஆதரவு திரட்டியவர்கள் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டுமல்லர். பிள்ளைகள் மேற்பார்வையின்றி இருக்கும் பிற்பகல் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட காவல்துறைத் தலைவர்களும், தொழிலாளர் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும் என்று விரும்பிய முதலாளிகளும் பல ஆண்டுகளாகப் பேசிவந்தார்கள். கலிபோர்னியாவில் 2002-இல் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில், இத்தகைய மையங்களுக்கான மாநில நிதியைச் சட்டமாக்கினார்கள். உங்கள் ஊரிலும் கல்விக்கு வெளியே உள்ள கூட்டாளிகளைத் தேடுங்கள். மகளிர் சுய உதவிக் குழு, கிராம சுகாதாரச் செவிலியர், உள்ளூர்க் காவல் நிலைய ஆய்வாளர், பிள்ளைகளின் தாய்மார்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் ஆகியோரிடம் ஆளுக்கு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். தாய் இரவு 7 மணி வரை கவலையின்றி வேலை பார்க்க முடிகிறது என்று முதலாளி எழுதினால், அது கல்விக் கோரிக்கை என்ற எல்லையைத் தாண்டித் தொழிலாளர் நலக் கோரிக்கையாகவும் ஆகும்.

கடைசியாக, மையத்தை மூடிவிட்டுக் கேட்கலாமா என்றீர்கள். மூடாதீர்கள். மூடிய மையத்துக்கு யாரும் மதிப்பீடு கேட்டு வரமாட்டார்கள், பதிவேடும் அறுந்துபோகும். அதே நேரம், உங்கள் இருவருடைய கைக்காசிலும் உடல்நலத்திலும் காலமெல்லாம் நடத்த வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வாரம் ஐந்து நாளை மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். சிற்றுண்டியைத் தாய்மார்கள் முறைவைத்துக் கொண்டுவரலாம். நீங்கள் செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வாருங்கள், அந்தத் தொகையையும் மனுவில் காட்டுங்கள். அரசு கொடுக்க வேண்டிய பணத்தை இதுவரை யார் கொடுத்து வந்தார்கள் என்பது கோப்பில் பதிவாக வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு முன் வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானத்தை முடித்துவிட்டால், அதன் படியை இணைத்தே ஊராட்சிக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். விண்ணப்பத்தின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்க மறவாதீர்கள். கூட்டத்தில் தீர்மானத்தைப் பதிய மறுத்தால், மறுத்த விவரத்தையும் வந்திருந்தோர் பெயர்களையும் எழுதி அன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீர்மான வாசகமும் செலவுக் கணக்கும் எழுதியதும் எனக்கு அனுப்பிவையுங்கள். திருத்தம் தேவைப்பட்டால் செய்து திருப்பி அனுப்புகிறேன்.